மார்லிஸ் துப்பாக்கி பழகிய குளிர்காலம்

அக்டோபர் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பட்டப்பகலில், என் மனைவி மார்லிஸை ஒருவன் வழிமறித்துக் கொள்ளையடித்தான்.

மார்லிஸ் மாட்டு டாக்டர். எங்கள் கென்டக்கி மலைப்பகுதியில் பசுவோ குதிரையோ கோவேறு கழுதையோ வைத்திருப்பவர்களுக்கு அவளை விட்டால் நாற்பது மைலுக்கு வேறு ஆள் கிடையாது. அவளுடைய பிக்கப் வண்டியின் பின்பக்கத்தில் ஒரு இரும்புப் பெட்டி உண்டு. அதில் மயக்க மருந்துகள் இருக்கும். குதிரையைச் சாய்க்கிற மருந்தில் மனிதனுக்கும் போதை ஏறும் என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

அன்று ஒரு பண்ணையிலிருந்து வெளியே வந்து, கேட்டைச் சாத்துவதற்காக வண்டியை நிறுத்தி இறங்கியிருக்கிறாள். ஓடைக்கரை மரங்களுக்குப் பின்னாலிருந்து ஒருவன் வந்தான். முகத்தில் துணி, கையில் டயர் கழற்றும் இரும்புத் தடி. பெட்டியைக் கேட்டான். சாவியைக் கொடுத்தாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடைக்குள் இறங்கிப் போய்விட்டான். மொத்தமும் ஒரு நிமிஷம்கூட இருக்காது.

இரவு பீன்ஸும் சோளரொட்டியும் சாப்பிட்டுக்கொண்டே, யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல் அவள் இதைச் சொன்னாள். நான்தான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

"அவன் கை நடுங்குச்சு ராய்ஸ். என் கை நடுங்கல. ஏன்னு தெரியல."

"உயிரோட வந்தியே, அது போதும்."

"போதும்தான். ஆனா அவன் பெட்டியோட போகாம என் பக்கம் ஒரு எட்டு வச்சிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்? யோசிச்சுப் பாத்தா என் மனசுல அந்த இடத்துல ஒண்ணுமே இல்ல. வெறும் சுவர்."

நவம்பரில் பக்கத்துக் கவுண்டியில், அதாவது பக்கத்து மாவட்டத்தில், அவனைப் பிடித்துவிட்டார்கள். பெட்டியில் பாதி காலி. ஷெரிஃப் அலுவலகத்திலிருந்து ஃபோன் வந்த அன்று, இத்தோடு இது முடிந்தது என்று நினைத்தேன். அன்று சாயங்காலமே மார்லிஸ் சொன்னாள், "நான் ஒரு கைத்துப்பாக்கி வாங்கலாம்னு இருக்கேன்."

நான் உயர்நிலைப் பள்ளியில் பேண்ட் இசை வாத்தியார். எங்கள் ஊரில் துப்பாக்கி பிடிக்காது என்று சொல்வது, பீன்ஸ் பிடிக்காது என்று சொல்வதைப்போல. ஆட்கள் நம்மைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்ப்பார்கள். எனக்குப் பிடிக்காமல் போனதற்குக் காரணம் இருந்தது. என்னிடம் டிரம்போன் வாசித்த கோரி என்ற பையன், பள்ளி முடித்து மூன்றாம் வருடம், தன் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அது வெடித்து இறந்துபோனான். அவனுடைய சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று வாசித்தது என் பேண்ட் குழுதான்.

"வீட்டுக்குள்ள அது வேண்டாம் மார்லிஸ்."

"நீ பயப்படுறது நியாயம்தான். ஆனா நான் பயந்து போய்க் கேக்கல. எனக்கு அது என்னன்னு தெரியணும்."

இருபத்தொரு வருடம் கூட வாழ்ந்தவன் என்ற முறையில் எனக்கு ஒன்று தெரியும். மார்லிஸ் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டால் அத்தோடு பேச்சு முடிந்தது. ஒரு முறை, செத்துப்போன பசுவின் நான்காம் வயிற்றில் என்ன இருந்தது என்று பார்ப்பதற்காக எங்கள் கல்யாண நாள் விருந்தையே தள்ளிப் போட்டவள் அவள்.

முதலில் நகரத்துக் கடைக்குப் போனோம். கடைக்காரர் வெர்னன் அவளைப் பார்த்ததும் கண்ணாடி அலமாரியிலிருந்து உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு குட்டிப் பிஸ்டலை எடுத்து வைத்தார். பிடியில் ஊதா நிறம்.

"பெண்களெல்லாம் இதைத்தான் வாங்குறாங்க. கைப்பைக்குள்ள போட்டா இருக்கிற இடமே தெரியாது."

மார்லிஸ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கேள்விகள் ஆரம்பித்தன. எடை எவ்வளவு, அந்த எடை ஏன், உள்ளே ஸ்பிரிங் எத்தனை, சுட்டால் பின்னால் எவ்வளவு உதைக்கும், இதை வாங்கிப் போனவர்களில் எத்தனை பேர் திரும்பக் கொண்டுவந்து விற்றார்கள். கடைசிக் கேள்விக்கு வெர்னன் சிரித்துவிட்டார்.

"நெறையப் பேர். நீங்க இங்க கேக்கிறதை விட்டுட்டு மேட்டுல நடீன் ஸ்டாம்பரைப் போய்ப் பாருங்க. வாங்கறதுக்கு முன்னாடி நாலஞ்சு சுட்டுப் பாக்க விடுவா. அப்புறமா எங்கிட்ட வாங்க."

நடீன் என்னிடம் கிளாரினெட் வாசித்தவள். இப்போது முப்பத்து நான்கு வயது. பதினோரு வருடம் கவுண்டியின் அவசர உதவி எண்ணில் ஃபோன் எடுத்துக்கொண்டிருந்துவிட்டு, அதை விட்டுவிட்டு, நிலக்கரிக்காக மலையின் தலையை வெட்டிச் சமமாக்கிய மேட்டில் துப்பாக்கி சுடும் பயிற்சிக் களம் ஒன்றை நடத்துகிறாள். மூன்று பக்கமும் மண் கரை. ஒரு தகரக் கூரை, இரண்டு மேஜை, ஒரு விறகு அடுப்பு. அவ்வளவுதான்.

முதல் சனிக்கிழமை மார்லிஸோடு நானும் போனேன். பார்க்கத்தான் போனேன் என்று சொல்லிக்கொண்டாலும், சண்டை போடத்தான் போனேன். மார்லிஸ் வண்டியிலிருந்து கோட்டை எடுத்துக்கொண்டிருந்தபோது நடீனிடம் நேராகக் கேட்டேன்.

"கோரி உன் வகுப்புதானே. அவனுக்கு அப்படி நடந்ததுக்கு அப்புறமும் உன்னால எப்படி இதைச் செய்ய முடியுது?"

அவள் அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டே பதில் சொன்னாள். "அன்னைக்கு அவங்க அம்மா பேசின ஃபோனை எடுத்தது நான்தான் சார். துடைக்க உக்காரும்போது அவன் தோட்டாப் பெட்டியைக் கழட்டினான். அதுக்கு அப்புறமும் குழாய்க்குள்ள ஒரு தோட்டா நிக்கும்னு அவனுக்கு யாருமே சொல்லித் தரல. வாங்கிக் குடுக்க மாமா இருந்தாரு, சொல்லிக் குடுக்க ஆள் இல்ல. அதான் நான் இங்க இருக்கேன்."

அவள் என்னிடம் ஒரு ஜோடி காது மூடியைக் கொடுத்தாள். "உங்க காது சோறு போடுற காது. முதல்ல இதைப் போடுங்க."

மேஜையில் ஒரு பழைய துண்டை விரித்து நான்கு கைத்துப்பாக்கிகளை வைத்திருந்தாள். எல்லாவற்றின் வாயும் மண் கரையைப் பார்த்தபடி. ஒவ்வொன்றையும் எடுத்து, திறந்து, காலியாக இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து, சுண்டுவிரலை விட்டும் பார்த்து, பிறகுதான் மார்லிஸின் கையில் கொடுத்தாள். கொடுத்ததும் மார்லிஸும் அதையே முதலிலிருந்து செய்ய வேண்டும். இப்போதுதானே நீ பார்த்தாய் என்ற பேச்சே கிடையாது.

"எது நல்ல துப்பாக்கின்னு எங்கிட்ட கேக்காதீங்க டாக்டர். எது உங்க கையில உக்காருதுன்னு பாருங்க. விரல் விசை வரைக்கும் தானா போகணும், எட்டிப் பிடிக்கக் கூடாது. சுடணும்னு முடிவு பண்ற வரைக்கும் விரல் வெளியிலதான்."

முதலில் வெர்னன் காட்டிய மாதிரியான குட்டி ஒன்று. மார்லிஸ் ஒரு தடவை சுட்டாள். கீழே வைத்துவிட்டு உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டாள்.

"சின்னதா இருந்தா சாதுவா இருக்கும்னு நெனைச்சேன்."

"சின்ன நாய்ங்க எப்படின்னு உங்களுக்கா தெரியாது? எடை இல்லன்னா உதை முழுக்க உங்க கைக்குத்தான்."

அடுத்தது ரிவால்வர். எளிமையாக இருந்தது, ஆனால் விசை கடினம். மூன்றாவது ஒரு நடுத்தர அளவுப் பிஸ்டல். அதன் மேல்பகுதியைப் பின்னுக்கு இழுத்து விட்டால்தான் தோட்டா ஏறும். மார்லிஸால் இழுக்க முடியவில்லை. மூன்று வருடத்துக்கு முன் கன்று இழுக்கும் சங்கிலியில் மாட்டி அவளுடைய வலது கட்டைவிரல் உடைந்தது. அதில் இன்னும் முழுப் பலம் வரவில்லை.

"கட்டைவிரலால கிள்ளாதீங்க. முழுக் கையால மேல பிடிச்சுக்கிட்டு, கீழ இருக்கிற கையை முன்னால தள்ளுங்க," என்றாள் நடீன். தள்ளினாள். மேல்பகுதி சுலபமாகப் பின்னால் வந்தது. மார்லிஸின் முகத்தில், கன்று தலை திரும்பிச் சரியாக வரும்போது வருமே, அந்தச் சிரிப்பு வந்தது.

ஆனால் சுட்டால் எல்லாம் அட்டையின் இடது ஓரத்துக்கே போயின. பத்து சுட்டால் பத்தும். துப்பாக்கியை மாற்றினாலும் அப்படியே. மார்லிஸ் சலித்துக்கொள்ளவில்லை. அட்டையருகே போய் ஓட்டைகளை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"ஒரே பக்கமா தப்புதுன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கணும். எங்கெங்கேயோ சிதறினாத்தான் கவலை."

நடீன் அவளை நிற்க வைத்து, இரண்டு கைகளையும் நீட்டி, விரல்களுக்கு நடுவே சின்னதாக ஒரு ஓட்டை விடச் சொன்னாள். அந்த ஓட்டை வழியாகத் தூரத்து மின்கம்பத்தைப் பார்க்க வேண்டும். "இப்ப இடது கண்ணை மூடுங்க. கம்பம் தெரியுதா?"

"காணோம்."

"வலது கண்ணை மூடுங்க."

"இருக்கு." மார்லிஸ் இரண்டு மூன்று தடவை மாற்றி மாற்றி மூடிப் பார்த்தாள். "நாப்பத்தாறு வயசாச்சு. நான் இடது கண்ணாலதான் பாத்துட்டு இருக்கேன்னு இன்னைக்குத்தான் தெரியுது."

"எழுதுறது வலது கைதானே? மாட்டுக்குச் சினை பாக்கிறது எந்தக் கை?"

மார்லிஸ் தன் இடது கையைத் தூக்கிப் பார்த்தாள். மாட்டு டாக்டர்கள் பலருக்கும் அப்படித்தான். வலது கையில் வாலைப் பிடித்துக்கொண்டு இடது கையைத் தோள்வரை உள்ளே விடுவார்கள். இருபது வருடமாக அந்தக் கை இருட்டில் தொட்டே எல்லாவற்றையும் தெரிந்துகொண்ட கை.

அதற்குப் பிறகு இடது கையால் சுட்டாள். முதல் ஐந்தும் அட்டையின் நடுவில், ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குள் விழுந்தன. நடீன் புது அட்டை ஒட்டினாள். மார்லிஸ் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கை தட்டிவிடக் கூடாது என்று கைகளைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அந்த நடுத்தரப் பிஸ்டலையே வாங்கினாள். கூடவே படுக்கையறைக்கு ஒரு இரும்புப் பெட்டகம். திறக்கும் எண் எங்கள் இருவருக்கும் தெரியும். நான் அதைத் திறந்ததே இல்லை.

டிசம்பர் முழுவதும் வீட்டிலும் பயிற்சி. வெறும் துப்பாக்கியால். தோட்டாக்கள் எல்லாம் வேறு அறையில் பூட்டியிருக்க வேண்டும் என்பது நடீனின் சட்டம். மார்லிஸ் கல் புகைபோக்கியைப் பார்த்து நின்று விசையை அழுத்துவாள். டிக். மேல்பகுதியை இழுத்து விடுவாள். மறுபடி டிக். நான் சமையலறையில் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்கான இசைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருப்பேன். காதை மூடிக்கொள்ள முடியாதே. நான்காவது நாள் என்னை அறியாமலே வாய் திறந்துவிட்டது.

"ஒவ்வொரு தடவையும் கடைசியில அவசரப்படுற."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"கேக்குதே. டிக் சத்தத்துக்குக் கொஞ்சம் முன்னால மூச்சைப் பிடிக்கிற. டிரம்பெட் பசங்க மேல்ஸ்வரத்துக்கு முன்னால அப்படித்தான் இறுக்குவாங்க. அதனாலயே தப்பா வரும்."

அவள் கதவருகே வந்து நின்றாள். வெறும் துப்பாக்கியைத் திறந்த நிலையில், தரையைப் பார்த்துப் பிடித்திருந்தாள். "அதுக்கு என்ன செய்வே?"

"அடுத்த தாளம் எப்போ வரும்னு காத்துட்டு இருக்கக் கூடாது. விரலை மெதுவா நகத்திட்டே இருக்கணும். சத்தம் அதுவா வரட்டும். உனக்கே ஆச்சரியமா இருக்கணும்."

தாளம் தட்டும் கருவியை எடுத்து வந்து மெதுவான வேகத்தில் ஓடவிட்டேன். அரை மணி நேரம் கழித்துத்தான், துப்பாக்கி வேண்டவே வேண்டாம் என்றவன் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்பது உறைத்தது.

அடுத்த சனிக்கிழமை அவள் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். நடீன் அவளுக்குத் தெரியாமல் தோட்டாக்களுக்கு நடுவே ஒரு போலித் தோட்டாவைச் செருகியிருக்கிறாள். நிஜத் தோட்டா வெடிக்கும்போது உதையில் எதுவும் தெரியாது. போலி வந்தபோது வெடிக்கவில்லை, ஆனால் துப்பாக்கியின் மூக்கு மட்டும் தானாகக் கீழே குனிந்திருக்கிறது.

"வெடிக்கும்னு நெனைச்சு என் கையே அதை அமுக்கிடுச்சு ராய்ஸ். ஊசியைப் பாத்த குதிரை, குத்துறதுக்கு முன்னாலயே சிலிர்க்குமே, அதேதான். இத்தனை வருஷமா குதிரையைத் திட்டியிருக்கேன்."

ஜனவரியில் பயிற்சி மாறியது. நீல நிறப் பிளாஸ்டிக் துப்பாக்கி. சுட முடியாதது. நடீன் அந்தத் திருடனாக, தடிக்குப் பதில் கையில் ஒரு சுருட்டிய செய்தித்தாளோடு ஏழு எட்டு அடி தூரத்தில் நின்று பெட்டியைக் கேட்பாள். மார்லிஸ் கோட்டை விலக்கி இடுப்பு உறையிலிருந்து துப்பாக்கியை எடுக்க வேண்டும்.

"எத்தனை தடவை ஜெயிச்சே?" என்று அன்று மாலை கேட்டேன்.

"ஒரு தடவைகூட இல்ல. ஏழு தடவையும் நான் கோட்டை விலக்கிறதுக்குள்ள தலையில அடி விழுந்துடுச்சு."

"அப்ப அக்டோபர்ல நீ பெட்டியைக் குடுத்தது?"

"அதுதான் சரியாம். எட்டாவது தடவை குடுத்துட்டுப் பின்னால நடந்தேன். நடீன் கை தட்டினா. ஒரு பெட்டிக்காக யாரும் சாகவும் வேண்டாம், சாகடிக்கவும் வேண்டாம்னு சொல்றா."

"அப்புறம் எதுக்கு இவ்வளவும்?"

மார்லிஸ் பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்தாள். "பெட்டி கேட்டு வராம, என்னையே தேடி வர்றவனுக்கு."

அவளுக்கு இது பிடித்திருந்தது என்று சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்வார்கள். ஆனால் பிடித்திருந்தது. அந்த வெறும் சுவரில் ஒவ்வொரு வாரமும் ஒரு ஜன்னல் திறந்துகொண்டிருந்தது. எனக்குத்தான் இரவில் பெட்டகம் இருக்கும் பக்கம் திரும்பிப் படுக்க முடியவில்லை.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை காலை, ஹோபர்ட் கோம்ப்ஸ் என்பவரின் பண்ணைக்கு நாங்கள் இருவரும் போனோம். அக்டோபருக்குப் பிறகு, அவள் மேட்டுக்குப் போகாத சனிக்கிழமைகளில் நான் அவளோடு வண்டியில் போவது வழக்கமாகியிருந்தது. ஹோபர்ட் அந்தப் பண்ணையைப் பனிக்காலத்தில்தான் வாங்கியிருந்தார். நாங்கள் அவரைப் பார்த்தது இல்லை. அவருடைய மகள்தான் ஃபோனில் பேசிப் பதினொரு பசுக்களுக்குச் சினை பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தாள்.

வண்டியைத் தொழுவத்திலிருந்து சற்றுத் தள்ளி நிறுத்தினோம். யாரையும் காணவில்லை. நான் உள்ளேயே உட்கார்ந்து இசைத்தாளைப் பிரித்தேன். மார்லிஸ் இறங்கி வண்டியின் முன்பக்கமாக நடந்தாள்.

தொழுவத்தின் மூலையிலிருந்து வாட்டசாட்டமான ஒரு பெரியவர் ஓடி வந்தார். கையில் கடப்பாரை. வாய் திறந்திருந்தது, என்ன கத்துகிறார் என்று புரியவில்லை. நேராக மார்லிஸை நோக்கி வந்தார்.

"அங்கேயே நில்லுங்க," என்று மார்லிஸ் கத்தினாள். அவளிடமிருந்து அப்படி ஒரு குரலை நான் கேட்டதில்லை. அவர் நிற்கவில்லை. அவள் பக்கவாட்டில் நகர்ந்து, வண்டியின் இன்ஜின் இருவருக்கும் நடுவில் வரும்படி நின்றாள். "நில்லுங்க," என்று மறுபடியும். அவர் வேகம் குறையவில்லை. அவளுடைய இடது கை கோட்டைத் தூக்கியது. துப்பாக்கியை இடுப்பில் மாட்டிக்கொண்டுதான் அவள் இப்போதெல்லாம் வேலைக்குப் போகிறாள் என்று தெரியும், ஆனால் மறைந்திருந்த அந்தக் கறுப்புப் பிடியை முதல் முறையாக வெளியில் பார்த்தேன். அவளுடைய விரல்கள் அதைச் சுற்றி மூடிக்கொண்டன.

அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? கதவைப் பூட்டினேன். பக்கத்திலிருந்த பொத்தானை என் விரல் அழுத்தியது. நான்கு கதவுகளும் ஒரே சத்தத்தில் பூட்டிக்கொண்டன. என் மனைவி வெளியே நிற்கிறாள்.

பிறகு மார்லிஸின் கை பிடியை விட்டது. கோட் கீழே இறங்கியது. அவள் வண்டிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து அவரை நோக்கி ஓடினாள். இருவரும் சேர்ந்து தொழுவத்துக்குள் ஓடினார்கள். எனக்கு ஒன்றுமே புரியவில்லை. உள்ளிருந்து ஒரு மாட்டின் அடைத்த குரல் வந்தது. அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டு இறங்கினேன்.

ஒரு கிடாரி, வைக்கோல் போடும் இரும்பு வளையத்தின் கம்பிகளுக்கு நடுவே தலையை விட்டு மாட்டிக்கொண்டிருந்தது. உதறியதில் கம்பி வளைந்து கழுத்தை இறுக்கியிருந்தது. நாக்கு நீலம். மார்லிஸ் அதன் கழுத்தோடு ஒட்டி உட்கார்ந்து தலையைத் தாங்கிப் பிடித்தாள். "ராய்ஸ், அவர்கூடச் சேந்து அந்தக் கடப்பாரையை அழுத்து. நான் சொல்ற வரைக்கும் விடாத." நானும் அந்தப் பெரியவரும் தொங்கினோம். கம்பி ஒரு அங்குலம் விலகியது, இன்னும் ஒன்று. மார்லிஸ் மாட்டின் காதை மடக்கி, தலையைச் சாய்த்து, பின்னால் தள்ளினாள். கிடாரி மல்லாந்து விழுந்தது. கொஞ்ச நேரம் அசையவில்லை. பிறகு இருமியது.

மூவரும் வைக்கோலில் உட்கார்ந்துவிட்டோம். பெரியவர் மேலங்கிப் பையிலிருந்து காது கேட்கும் கருவியை எடுத்துக் காதில் செருகிக்கொண்டார்.

"மாட்டுத் தலை இடிச்சு இது விழுந்துடுச்சு. பொறுக்கிப் பையில போட்டுட்டு உங்க வண்டியைப் பாத்து ஓடியாந்தேன். நீங்கதான் டாக்டரம்மாவா?"

"ஆமா. இவர் என் வீட்டுக்காரர் ராய்ஸ். பள்ளிக்கூடத்துல பேண்ட் வாத்தியார்."

"வாத்தியாருக்கு நல்ல கனம். கடப்பாரைக்கு அதான் வேணும்." என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு மார்லிஸிடம் திரும்பினார். "டாக்டரம்மா, இடது பக்கம் கோட்டைத் தூக்கினீங்களே. பாத்தேன்."

"தூக்கினேன்."

"சுட்டிருப்பீங்களா?"

மார்லிஸ் மன்னிப்புக் கேட்கவில்லை. "தெரியல. நில்லுங்கன்னு ரெண்டு தடவை சொன்னேன், நீங்க நிக்கல. கடப்பாரையைத்தான் முதல்ல பாத்தேன். அப்புறம் உங்க கண்ணைப் பாத்தேன். நீங்க என் மேல கண்ணை நிறுத்தவே இல்ல. ஓடி வர்றப்பவே ரெண்டு தடவை திரும்பித் தொழுவத்தைப் பாத்தீங்க. பாய வர்ற மிருகம் நம்மளைத்தான் பாக்கும். குட்டி மாட்டிக்கிட்ட மிருகம்தான் திரும்பித் திரும்பிப் பாக்கும்."

ஹோபர்ட் தன் கழுத்தைத் தடவிக்கொண்டார். "வாதம் வந்த கழுத்து. திரும்புச்சே, அந்த மட்டும் நல்லது." பிறகு மேலங்கியின் மார்புப் பையைத் தட்டினார். "எனக்கும் இங்க ஒண்ணு நாப்பது வருஷமா இருக்கு. இதால நான் சுட்டது ஒரு பாம்பு, ஒரு டிராக்டர் டயர். டயரைத் தெரியாம. யாராவது ஓடியாந்தா நான் கண்ணைப் பாப்பேனான்னு எனக்குத் தெரியாது. இது வரைக்கும் அப்படி யோசிச்சதே இல்ல."

"எவ்வளவு தூரத்துல இருந்தீங்கன்னு பாக்கலாமா?" என்றாள் மார்லிஸ்.

எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் அவருக்கும் அதைத் தெரிந்துகொள்ள ஆசை வந்துவிட்டது. கடப்பாரையை எடுத்துக்கொண்டு தொழுவ மூலைக்குப் போய் நின்றார். மார்லிஸ் வண்டிக்குப் பின்னால் தான் நின்ற இடத்தில் நின்றாள். அவர் மெதுவாக நடந்து வந்தார். நான் எண்ணினேன். அவள் முதலில் கத்தியபோது இருவருக்கும் நடுவில் இருபத்திரண்டு தப்படி. பிடியை விட்டபோது ஐந்தே தப்படி.

"அஞ்சா?" என்றார் ஹோபர்ட். கடப்பாரையை ஊன்றிக்கொண்டு அந்த இடைவெளியைப் பார்த்தார். மார்லிஸும் பார்த்தாள். அவள் முகம் வெளுத்தது அப்போதுதான். போய்க் கையுறையை மாட்டிக்கொண்டு பதினொரு பசுக்களுக்கும் சினை பார்த்தாள். எட்டு சினை.

திரும்பும் வழியில் பாதி தூரம் வந்ததும் சொன்னேன், "நான் கதவைப் பூட்டிட்டேன்."

"கேட்டுச்சு."

"நீ வெளிய நிக்கும்போது."

"கேட்டுச்சு ராய்ஸ். நல்லதாப் போச்சுன்னு நெனைச்சேன். நீ இறங்கி நடுவில வந்து நின்னிருந்தா நான் உன்னையும் பாத்துக்கணும். கூட இருக்கிறவங்க பூட்டிட்டு உள்ள இருக்கணும்னுதான் நடீனும் சொல்றா."

"அதையெல்லாம் நெனைச்சு நான் பூட்டல."

"அது எனக்குத் தெரியும்." சாலையைப் பார்த்தபடியே ஒரு கையால் என் முழங்காலைத் தொட்டாள். "நான்கூட அதையெல்லாம் நெனைச்சு கையை எடுக்கல. எடுத்ததுக்கு அப்புறம்தான் காரணம் தெரிஞ்சுது. உன் விரலும் என் கையும் நம்மளைக் கேட்டா செய்யுதுங்க?"

அவள் சொன்னது ஆறுதலாக இல்லை. ஆனால் உண்மையாக இருந்தது. அன்று இரவு இருவருக்கும் தூக்கம் சரியாக வரவில்லை.

நடந்ததை மார்லிஸ் நடீனிடம் சொன்னாள். அடுத்த வாரமே நடீன் ஒரு புதுப் பயிற்சி சேர்த்துவிட்டாள். ஓடி வருபவர் கையில் சில சமயம் கட்டை இருக்கும், சில சமயம் வாளி, சில சமயம் கைப்பேசி. என்ன வைத்திருக்கிறார், எங்கே பார்க்கிறார் என்று உரக்கச் சொல்லாமல் உறையில் கை வைக்கக் கூடாது. ஹோபர்ட் இப்போதும் மார்லிஸைத்தான் கூப்பிடுகிறார். எங்கள் வண்டியைப் பார்த்தால் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு தொழுவத்திலிருந்து வருவார். கிண்டல்தான். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் அவள் சிரிப்பதற்கு ஒரு நொடி தாமதமாகும்.

ஏப்ரலில் நான் தனியாக மேட்டுக்குப் போனேன்.

"சுடக் கத்துக்கவா சார்?" என்றாள் நடீன்.

"தெரியல. மார்லிஸ் வெளியில நிக்கும்போது நான் என்ன செய்யணும்னு கத்துக்கணும். சுடாம."

அவள் சிரிக்கவில்லை. எதிரே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். கைத்துப்பாக்கி எதையும் வெளியே எடுக்கவில்லை. கையை மட்டும் காதருகே வைத்துக்கொண்டாள், ஃபோன் பிடிப்பதுபோல. பதினோரு வருடம் பேசிய குரல் வந்தது.

"அவசர உதவி. எங்கேயிருந்து பேசறீங்க?"

நான் வாயைத் திறந்தேன். பத்தொன்பது வருடமாகக் குடியிருக்கும் வீடு. சாலை எண் வரவில்லை. ஓடைக்குப் பக்கத்தில், தேவாலயம் தாண்டி, சிவப்புத் தபால்பெட்டி என்று உளறினேன்.

"சார், அந்தத் தேவாலயம் எனக்குத் தெரியும். வண்டியில வர்ற புது ஆளுக்குத் தெரியாது. முதல்ல இடம். லைன் கட்டானாலும் இடம் தெரிஞ்சா வந்துடுவோம். அப்புறம்தான் என்ன நடக்குது, யார் கையில என்ன இருக்கு, உங்க ஆள் என்ன கோட்டுப் போட்டிருக்காங்க. வர்ற போலீஸுக்கு உங்க வீட்டம்மா யாருன்னு தெரியணும்ல? மறுபடி சொல்லுங்க."

மறுபடி சொன்னேன். பாதியில் வீட்டு எண்ணை விட்டுவிட்டேன். மேட்டில் காற்று வீசி, இலக்கு அட்டைகள் படபடத்தன.

"பரவாயில்ல. இன்னொரு தடவை," என்றாள்.

மூன்றாவது தடவை சாலை எண்ணும் வீட்டு எண்ணும் சரியாக வந்தன. என் மனைவி வெளியே நிற்கிறாள், பழுப்புக் கோட், இடது கைக்காரி என்றும் சொன்னேன்.

"நல்லா இருக்கு சார். இப்ப இதையே ஓடிட்டு வந்து சொல்லிப் பாக்கலாம்," என்று சொல்லி மண் கரையைக் காட்டினாள்.

நான் எழுந்து கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, அந்தப் பக்கம் நடந்தேன்.